லாக் பார்க்க மட்டும் ஒரு ஜன்னல்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் உள்ள ஒரு மருந்து மொத்தக் கடைக்கு நான்தான் சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து கிளம்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கால் மணி நேரம். பகலில் அது பெரிய தூரமில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு "பில்லு நின்னுட்டு" என்று போன் வந்தால்தான் தூரம் தெரியும். பாதி நாள் போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிரிண்டருக்குப் போகும் வரிசை அடைத்திருக்கும், இல்லையென்றால் டேட்டாபேஸ் இணைப்புகளின் எண்ணிக்கை முட்டியிருக்கும். லாக்கில் (சர்வர் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் கோப்பில்) நாலு வரி படித்தால் தெரிகிற சங்கதி.

இரவுப் பணியில் ஒரு பையன் இருக்கிறான். சேரன்மாதேவியிலிருந்து சாயந்திரம் பாசஞ்சரில் வருகிறவன், கெட்டிக்காரன். அவனுக்கு லாக் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் என் தூக்கம் மிஞ்சும் என்று கடை முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அவன் பாக்கட்டும் தம்பி, அதுல என்ன. ஆனா ஒண்ணையும் தொடப்பிடாது, கேட்டியளா? பாக்கது மட்டும்தான்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. அதைச் சர்வருக்குப் புரியவைக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பையனிடம் சொன்னதும் "அது ஏற்கெனவே இருக்குண்ணே" என்றான். இருந்தது. எனக்கு முன்னால் இந்தச் சர்வரைப் பார்த்தவர்கள், கடவுச்சொல் கேட்காமல் சூடோ (வேறு கணக்காக, வழக்கமாக முழு அதிகாரமுள்ள ரூட்டாக, கட்டளை ஓட்ட விடும் கருவி) வழியாக, லாக் காட்டும் ஜர்னல்கன்ட்ரோல் கட்டளையை ஓட்டிக்கொள்ள அவன் கணக்குக்கு ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள். ஒரே ஒரு கட்டளை, அதுவும் படிக்கிற கட்டளைதானே என்று நினைத்திருப்பார்கள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து அதையே ஓட்டினேன். ஜர்னல்கன்ட்ரோல் நீளமான பட்டியலைத் தானே காட்டுவதில்லை, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் என்ற நிரலின் கையில் கொடுத்துவிடும். லெஸ்ஸுக்குள் ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின்) பெயர், ஒரு என்டர். ரூட் ஷெல் வந்து நின்றது. லெஸ் ரூட்டாக ஓடுகிறது, அது தொடங்கிவைக்கிற எதுவும் ரூட்டாகத்தான் ஓடும். பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அந்தச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாததால் நாம் தப்பித்தோம்.

இது ஊரறிந்த ஓட்டைதான். ஜர்னல்கன்ட்ரோல் அடங்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 247க்கு முந்தைய பதிப்புகள் லெஸ்ஸைப் பாதுகாப்பு முறையில் தொடங்குவதில்லை. சூடோ வழியாக சிஸ்டம்கன்ட்ரோல் ஸ்டேட்டஸ் ஓட்டினால் இதே கதி என்று பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-26604 என்ற எண்ணில் பதிவே இருக்கிறது. கடைச் சர்வரில் இருப்பது உபுண்டு 20.04, அதாவது சிஸ்டம்டி 245. பில்லிங் மென்பொருள் இதற்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் இயங்குதளத்தை இப்போதைக்கு மாற்ற வழியில்லை. அந்த சூடோ வரியை அங்கேயே அழித்தேன்.

ஜர்னல்கன்ட்ரோலுக்குப் பதில் எல்நாவ் என்ற கருவியைத் தேர்ந்தெடுத்தேன். வலை சர்வரான என்ஜினெக்ஸ், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ், பொதுச் செய்திகள் விழும் சிஸ்லாக் என்று நாலைந்து லாக் கோப்புகளைக் கொடுத்தால் எல்லாவற்றையும் நேர வரிசையில் ஒன்றாகக் கலந்து, பிழை வரிகளைச் சிவப்பில் காட்டும். இரவில் தூக்கக் கண்ணோடு பார்க்கிறவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதுவும் பார்க்க மட்டும் தெரிந்த கருவி இல்லை. பைப்-டு என்ற கட்டளையால் வரிகளை வேறு நிரலுக்கு அனுப்பும், ரைட்-டு கட்டளையால் கோப்பில் எழுதும். எல்நாவ்செக்யூர் என்ற சூழல் மாறியை வைத்தால் இவற்றை அதுவே நிறுத்திக்கொள்ளும். வைத்தேன். ஆனால் அது கருவியிடம் "தம்பி, பார்த்து நடந்துக்கோ" என்று சொல்லி அனுப்புவது போலத்தான். கருவியில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பேச்சு காற்றோடு போகும். கருவி என்ன நினைத்தாலும் இயங்குதளத்தின் மையமான கர்னல் விடக்கூடாது என்பதற்குத்தான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு.

வழக்கமான யுனிக்ஸ் அனுமதி ஆளைப் பார்த்துக் கொடுப்பது. கோப்பின் சொந்தக்காரர் நினைத்தால் தளர்த்தலாம், ரூட் வந்தால் கேள்வியே இல்லை. கட்டாயக் கட்டுப்பாட்டில் நிரலுக்கு ஒரு கொள்கைக் கோப்பு இருக்கும். அதில் எழுதாத எதையும், ரூட்டாக ஓடினாலும், அந்த நிரல் செய்ய முடியாது. லினக்ஸில் இதற்கு இரண்டு பெரிய வழிகள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000இல் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் ஒன்று. 2010இல் 2.6.36 கர்னலில் சேர்ந்த ஆப்ஆர்மர் இன்னொன்று. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டிவைத்து "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்கும். ஆப்ஆர்மர் "எந்தத் தெரு, எந்த வீடு" என்று பாதையை மட்டும் கேட்கும். உபுண்டுவில் ஆப்ஆர்மர் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருப்பதால் எனக்குத் தேர்வு செய்யும் வேலை இல்லை.

முதல் ஞாயிறு, லாக்பார் என்று ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். வேண்டிய கோப்புகளின் பாதையோடு எல்நாவைத் தொடங்கும், அவ்வளவுதான். கொள்கையை நேரடியாக எல்நாவ் மேல் போட்டிருந்தால் நாளைக்கு நானும் அதே கூண்டுக்குள் மாட்டியிருப்பேன். அதனால் ப்ரொஃபைலை (ஆப்ஆர்மரில் கொள்கைக் கோப்புக்கு அதுதான் பெயர்) லாக்பார் மேல் போட்டு, ஏஏ-கம்ப்ளெயின் கொடுத்தேன். இந்த முறையில் ஆப்ஆர்மர் எதையும் தடுக்காது. கொள்கையில் இல்லாததைச் செய்தால் "அலவ்டு" என்று கர்னல் லாக்கில் குறித்துவைக்கும். அப்புறம் ஏஏ-லாக்ப்ராஃப் அந்தக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொன்றாக "இதை அனுமதிக்கவா" என்று நம்மிடம் கேட்கும்.

இங்கேதான் முதல் வேடிக்கை. எல்நாவ் அவ்வப்போது கோப்பு வளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். தொட்டால் கர்னல் ஒரு "அலவ்டு" வரி எழுதும். அந்த வரி சிஸ்லாக்கில் போய் விழும். சிஸ்லாக் வளர்ந்துவிட்டதே என்று எல்நாவ் மறுபடி தொடும். நான் டீ குடிக்கப் போய்விட்டு வந்தபோது திரை முழுவதும் கருவி தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. நடுநடுவே "கால்பேக்ஸ் சப்ரெஸ்டு" என்று ஒரு வரி. அதாவது கர்னல் கொட்டுகிற வேகம் தாங்காமல் சில குறிப்புகளை விழுங்கிவிட்டது. கவனிக்காமல் இருந்தால், விழுங்கிய குறிப்புகளில் இருந்த தேவைகள் கொள்கையில் வராது. அமல்படுத்திய பிறகு எங்கோ ஒரு மூலையில் உடையும். ஆடிட்டி என்ற சேவையை நிறுவினேன். குறிப்புகள் தனிக் கோப்புக்குப் போயின, சிஸ்லாக்கும் அமைதியானது. கொள்கை எழுத உட்காருகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள், எனக்கு இதிலேயே ஒரு மதியம் போனது.

அடுத்தது பாதை விவகாரம். /வார்/லாக் அடைவுக்குள் என்ஜினெக்ஸ், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் படிக்கலாம் என்று எழுதியிருந்தேன். அமல்படுத்தியதும் எல்லாமே மறுப்பு. "டினைடு" வரியை உற்றுப் பார்த்தால் கோப்பின் பெயர் /வார்/லாக் என்று தொடங்கவே இல்லை, /டேட்டா/லாக் என்று இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர் நின்றதே, அப்போது கடையின் தரைத்தளத்திலும் ஏறியது. சர்வரை ராத்திரியோடு ராத்திரியாக மாடிக்குத் தூக்கினோம். பழைய வட்டு ஒன்று போய்விட்டது. புது வட்டைப் போட்டு, அவசரத்தில் லாக் அடைவை அதற்கு மாற்றி, பழைய இடத்தில் புது இடத்தைக் காட்டும் ஒரு சிம்லிங்க் வைத்தேன். அதை நான் மறந்தே போனேன். ஆப்ஆர்மர் சிம்லிங்கைப் பார்ப்பதில்லை. கடைசியில் கோப்பு நிஜமாக எங்கே இருக்கிறதோ அந்த விலாசத்தைத்தான் கொள்கையோடு ஒப்பிடும். இதற்கென்று அலியாஸ் வரி எழுதும் வசதி உண்டு, ஆனால் அது எல்லா ப்ரொஃபைல்களையும் பாதிக்கும். நான் இந்த ஒரு ப்ரொஃபைலுக்கு மட்டும் லாக் அடைவுக்கு ஒரு மாறி வைத்து, /டேட்டா/லாக் என்று அதில் எழுதிக்கொண்டேன். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லான /பின்/பேஷ் விஷயத்திலும் இதே கதைதான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் /பின்/பேஷ் என்று இருந்தாலும் கர்னல் கண்ணுக்கு அது /யூஎஸ்ஆர்/பின்/பேஷ்.

பாதையைத் திருத்தினேன், மறுபடி மறுப்பு. இந்தத் தடவை "கேப்பபிள்" என்ற செயல், டிஏசி_ரீட்_சர்ச் என்ற திறன். எனக்கு முதலில் புரியவில்லை. சூடோ போட்டு ரூட்டாகத்தானே ஓடுகிறது, ரூட்டுக்கு என்ன மறுப்பு? யோசித்தால் நியாயம்தான். சிஸ்லாக் கோப்பு சிஸ்லாக் என்ற பயனருக்குச் சொந்தம், குழு ஏடிஎம், அனுமதி 640, அதாவது சொந்தக்காரரும் குழுவும் தவிர யாரும் படிக்க முடியாது. ரூட் அதன் சொந்தக்காரர் இல்லை. ரூட் அதைப் படிப்பது அனுமதியால் அல்ல, அனுமதியை மீறும் திறனால். ஆப்ஆர்மர் அந்தத் திறனையும் தனியாகக் கேட்கிறது. ஏஏ-லாக்ப்ராஃப் "கொடுத்துவிடவா" என்று கேட்டு நின்றது. ஒரு எழுத்தைத் தட்டினால் வேலை முடிந்துவிடும். தட்டவில்லை. வெறுமனே படிக்க வந்தவனுக்கு அனுமதியை மீறும் திறன் எதற்கு? இதை ரூட்டாக ஓட்டுவதே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, சூடோவே வேண்டாம் என்று பையனை ஏடிஎம் குழுவில் சேர்த்தேன். உபுண்டுவில் பெரும்பாலான லாக் கோப்புகளை அந்தக் குழு படிக்கலாம். லாக்பார் அவன் கணக்கிலேயே ஓடியது. கொள்கையை அமல்படுத்தினேன், திறன் எதுவும் கேட்கவில்லை, மறுப்பும் இல்லை. இரண்டாவது ஞாயிறு மத்தியானத்துக்குள் முடிந்ததென்று எழுந்து, கடையில் எனக்கென்று வாங்கிவைத்திருந்த பிரியாணியைப் பிரித்தேன்.

பையன் அதற்குள் வந்துவிட்டான். லாக்பாரை ஓட்டிப் பார்த்தான். யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று குறிக்கும் ஆத்.லாக்கைத் திறக்கப் பார்த்தான், மறுத்தது. "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து டெயில் என்ற கட்டளையை அதே கோப்பு மேல் ஓட்டினான். பத்து வரி அழகாக வந்து விழுந்தது.

"இது வருதேண்ணே?"

வரத்தானே செய்யும். நான் கொள்கை எழுதியது லாக்பாருக்கு, டெயிலுக்கு இல்லை. குழுவில் சேர்த்ததால் அவன் கணக்குக்கே படிக்கும் உரிமை வந்துவிட்டது, இனி எந்தக் கருவியாலும் படிக்கலாம். எல்நாவை அப்படியே தன் வீட்டு அடைவுக்கு நகல் எடுத்து ஓட்டினாலும் ஆப்ஆர்மருக்கு அது வேறு விலாசம், ப்ரொஃபைல் ஒட்டாது. முன்வாசலுக்கு மணிச்சித்திரத்தாழ் போட்டுவிட்டு, புறவாசல் சாவியை நானே கையில் கொடுத்திருக்கிறேன். பிரியாணி ஆறிப்போனது.

உரிமையை ஆளிடம் கொடுக்கக் கூடாது, கருவியிடம் கொடுக்க வேண்டும், கருவியைக் கூண்டில் வைக்க வேண்டும். இதை மூன்றாக உடைத்தேன். உள்நுழைய முடியாத ஒரு புதுப் பயனரை உண்டாக்கி, அவரை மட்டும் ஏடிஎம் குழுவில் சேர்த்தேன். பையனைக் குழுவிலிருந்து எடுத்தேன். சூடோவின் விதிகளைத் திருத்தும் விசுடோவில், பையன் அந்தப் புதுப் பயனராக லாக்பாரை மட்டும் ஓட்டலாம், வேறு எந்த வாதமும் கொடுக்க முடியாது என்று ஒரு வரி. இப்போது டெயில் ஓட்டினால் சாதாரண யுனிக்ஸ் அனுமதியே மறுக்கும். லாக்பாரை நகல் எடுத்தால் நகலுக்குப் படிக்கும் உரிமை கிடையாது. நிஜ லாக்பாரை ஓட்டினால் உரிமை உண்டு, கூடவே கூண்டும் உண்டு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் சூடோ ஆத்.லாக்கில் எழுதிவைக்கும், யார் எப்போது பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும்.

இன்னொன்றையும் கூடவே சரிசெய்தேன். லாக்பார் ஷெல் ஸ்கிரிப்ட் என்பதால் அதன் ப்ரொஃபைல் பேஷை ஓட்ட விட்டாக வேண்டும். எல்நாவும் அதே ப்ரொஃபைலில் இருந்தால் அதுவும் பேஷை எழுப்பலாம். அதனால் எல்நாவுக்கென்று லாக்பார் ப்ரொஃபைலுக்கு உள்ளேயே ஒரு பிள்ளை ப்ரொஃபைல் எழுதி, எல்நாவைத் தொடங்கும் வரியில் சிஎக்ஸ் (பிள்ளை ப்ரொஃபைலுக்கு மாறி ஓடு என்ற குறி) என்று குறித்தேன். பெரிய சி போட்டால் நிரலுக்குள் வேறு நிரலைத் திணிக்க உதவும் எல்டி_ப்ரீலோட் மாதிரியான சூழல் மாறிகளையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்பும். பிள்ளை ப்ரொஃபைலில் எந்த நிரலையும் ஓட்டும் உரிமை இல்லை.

ஓட்டினேன். ஒன்றுமே நடக்கவில்லை. பிழைச் செய்தி கூட இல்லை, கட்டளை போட்டது மாதிரியே காட்டாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம் ஸ்கிரிப்டையே திட்டிக்கொண்டிருந்தேன். ஆடிட் லாக்கைப் பார்த்தால் "ஃபைல்_இன்ஹெரிட்" என்று ஒரு மறுப்பு, பெயர் /டெவ்/பிடிஎஸ்/2. அதாவது நான் உட்கார்ந்திருக்கும் முனையம். புது ப்ரொஃபைலுக்குள் நுழையும்போது, ஏற்கெனவே திறந்து கையில் கொண்டுவரும் கோப்புகளையும் ஆப்ஆர்மர் மறுபடி சோதிக்கும். அனுமதி இல்லாததைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒன்றுமில்லாத ஒரு போலியை வைத்துவிடும். பிடுங்கப்பட்டது திரையே. பிழைச் செய்தியும் அந்தப் போலிக்குள் போய் விழுந்தது. தாய் ப்ரொஃபைலில் முனையத்துக்கு அனுமதி தரும் கன்சோல்ஸ் என்ற தொகுப்பைச் சேர்த்திருந்தேன், பிள்ளையில் மறந்துவிட்டேன். ஒரு வரி சேர்த்ததும் திரை வந்தது.

மூன்றாவது ஞாயிறு எதை விடுவது, எதை விடாமல் இருப்பது என்ற கணக்கு. என்ஜினெக்ஸ், போஸ்ட்கிரெஸ், சிஸ்லாக், பில்லிங் மென்பொருளின் லாக் நான்கும் படிக்க மட்டும். எல்நாவ் தன் வரலாற்றை வைக்க, புதுப் பயனரின் வீட்டு அடைவில் ஒரு மறைவு அடைவுக்கு மட்டும் எழுதும் உரிமை. ஆத்.லாக் கிடையாது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழையும்போது அவசரத்தில் பயனர் பெயர் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு, நானே செய்திருக்கிறேன். அது தோற்ற முயற்சியாக அந்தக் கோப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஜர்னல்கன்ட்ரோல் படிக்கும் ஜர்னல் அடைவையும் மூடினேன். பையனுக்கு இது ஏன் என்று புரியவில்லை. சிஸ்லாக் கோப்பில் ஆத் செய்திகள் வராமல், லாக்கைக் கோப்புகளில் எழுதும் ஆர்சிஸ்லாக் பிரித்துவிடும். ஜர்னலில் எல்லாம் ஒரே பைனரிக் கோப்பில் கலந்துகிடக்கும். ஆப்ஆர்மர் கோப்பைப் பார்க்கும், கோப்புக்குள் வரியைப் பார்க்காது. ஜர்னலைக் கொடுத்தால் ஆத்.லாக்கையும் கொடுத்த மாதிரிதான். இதே காரணத்தால் போஸ்ட்கிரெஸ் லாக்கிலும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. பிழையான கட்டளையை அது முழுசாக எழுதிவைக்கும், அதில் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் வந்துவிடலாம். அதைத் தடுக்க வேண்டியது போஸ்ட்கிரெஸ் அமைப்பில்தான், இங்கே இல்லை.

கொள்கையில் எழுதாதது எல்லாம் தானாகவே மறுக்கப்படும் என்றாலும் ஆத்.லாக்குக்கும் ஜர்னலுக்கும் வெளிப்படையாக டினை வரியும் எழுதினேன். நாளைக்கு யாராவது, பெரும்பாலும் நானே, தூக்கக் கலக்கத்தில் லாக் அடைவு முழுவதையும் அனுமதித்துவிட்டாலும் டினை ஜெயிக்கும். ஆனால் வெறும் டினை எழுதினால் மறுத்ததை லாக்கில் சொல்லாது. முன்னால் ஆடிட் என்ற சொல்லைச் சேர்த்தால்தான் குறிப்பு வரும். ஒற்றை நட்சத்திரம் அந்த அடைவோடு நிற்கும், இரட்டை நட்சத்திரம் உள்ளே உள்ள அடைவுகளுக்கும் இறங்கும். ஆத்.லாக் சுழற்சியில் ஆத்.லாக்.1, ஆத்.லாக்.2.ஜிஇசட் என்று மாறுவதால் கடைசியில் ஒரு நட்சத்திரம் வைக்க மறக்கக் கூடாது.

ஆப்ஆர்மர்_பார்சரால் மறுபடி ஏற்றி, ஏஏ-ஸ்டேட்டஸில் இரண்டு ப்ரொஃபைலும் அமலில் இருப்பதைப் பார்த்தேன். அப்புறம் எல்நாவ்செக்யூர் மாறியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, பைப்-டு வழியாக ஷெல்லைக் கூப்பிட்டேன். வரவில்லை. ரைட்-டு வழியாக /டெம்ப் அடைவில் எழுதச் சொன்னேன். மறுத்தது. மாறியைத் திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரம் புதன்கிழமை காலை ஆடிட் லாக்கைப் புரட்டும்போது முந்தின ராத்திரி 11.52க்கு ஆத்.லாக் மேல் ஒரு மறுப்பு. போன் போட்டேன். "இல்லண்ணே, எல்நாவுக்கு உள்ள இருந்து வேற கோப்பைத் திறக்க முடியுமான்னு பாத்தேன்" என்று சிரித்தான். அதே ராத்திரி 12.10க்கு, இணைப்பு எண்ணிக்கை முட்டியதைப் போஸ்ட்கிரெஸ் லாக்கில் அவனே கண்டுபிடித்து, தொங்கிக்கொண்டிருந்த ஒரு பில்லிங் கணினியை அணைத்துப் போட்டிருக்கிறான். எனக்குப் போன் வரவில்லை.

அண்ணாச்சிக்கு இதைச் சொல்லப் போனபோது இன்னொன்றையும் சொன்னேன். பில்லிங் மென்பொருள் கொடுத்தவர்களின் தொலைவழிக் கணக்கு ஒன்று சர்வரில் இருக்கிறது. அதற்கு எல்லாக் கட்டளைக்கும் சூடோ, கடவுச்சொல்லும் கேட்காது. பையனை இவ்வளவு கட்டிப்போட்டுவிட்டு அதை அப்படியே விடுவது நன்றாக இல்லை.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவனுகளுக்கு ரெண்டு மாசப் பாக்கி நிக்குல்லா. இப்பப் போயி அதத் தொட்டா அங்கன இருந்து நூறு போன் வரும். மொதல்ல அதக் குடுத்துத் தீப்போம், பைய பாப்போம் தம்பி."